தாண்டிய உயரமும் தாங்கிய வீடும்

(கிழக்கேகோட்டையில் நிகழ்ந்த நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இன்று காலை நம் காலனிச் சிறுவர்க்கு ஓட்டப் பந்தயம் நடைபெற்றது. ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடக்கும் சிறுவன் ஒருவனும் வரிசையில் வந்து நின்றான். “தம்பி, நீ வென்றவர் பெயரை எழுதிக்கொள்” என்று அன்போடு அவனை மேசையருகே அமர்த்தியவன் வேறு எவனுமல்லன். உங்கள் முன் நிற்கும் நானே. அவனும் முகம் சுளிக்காமல் எழுதினான். என் மனந்தான் அமைதி கொள்ளவில்லை. எழுதிக் கொணர்ந்த சொற்பொழிவைச் சட்டைப்பையில் மடித்து வைத்துவிட்டு, மாரியப்பன் தங்கவேலுவைப் பற்றிப் பேசத் துணிந்தேன்.

சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் 1995இல் பிறந்தவர் அவர். ஐந்து வயதில் பள்ளிக்கு நடந்து செல்கையில் பேருந்தொன்று மோதி ஏறியதில், வலக்கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப் போயிற்று. தந்தை குடும்பத்தைவிட்டுப் பிரிந்தார். ஆறு பிள்ளைகளையும் தாய் சரோஜாவே காத்தார். செங்கல் சுமந்தார், பின்னர்க் காய்கறி விற்றார். நாளொன்றுக்கு நூறு ரூபாய் கிடைத்தால் பெரிது. அந்நிலையில் மகனின் மருத்துவத்திற்கென 3 லட்ச ரூபாய் கடன்பட்டார். சாலைக் கடைத்தெருவில் நாள்தோறும் காய்கறி வாங்கும் நம் தாய்மார்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். மாலைக்குள் விற்றுத் தீராத கீரையின் நட்டம் விற்பவளுடையதே. அத்தகைய வருவாயிலிருந்து மூன்று லட்சத்தை எத்தனை ஆண்டுகளில் அடைப்பது?

பள்ளியில் கைப்பந்து ஆடிய சிறுவனை உயரம் தாண்டுதலுக்குத் திருப்பியவர் அவருடைய உடற்பயிற்சி ஆசிரியர். பதினான்காம் வயதில், கால் ஊனமற்ற மாணவரோடு போட்டியிட்டு இரண்டாமிடம் பெற்றார். அந்த ஆசிரியர் அவரை மேசையருகே அமர்த்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆயினும் வீடு இருக்கிறதே! 2012 முதல் 2015 வரை விடியற்காலையில் வீடு வீடாகச் செய்தித்தாள் போட்டார். பின்னர்க் கட்டட வேலைக்குச் சென்றார். கல்லூரிப் படிப்பும் உடன் நடந்தது. கூலிக்காரன் மகன் பயிற்சிக்குச் செல்லும் நாளில் கூலி இல்லை. கூலிக்குச் செல்லும் நாளில் பயிற்சி இல்லை. பதக்கப் பட்டியல்களில் இக்கணக்கு வருவதில்லை. 2013இல் பெங்களூரில் நடந்த தேசியப் போட்டியில் அவரைக் கண்டறிந்த பயிற்சியாளர் சத்தியநாராயணா, 2015இல் அவரை அழைத்துச் சென்று, மாதந்தோறும் ஒரு தொகையும் கொடுத்துப் பயிற்றினார். அத்தொகைதான் அவருக்குப் பயிற்சி நேரத்தை வாங்கித் தந்தது என்பேன்.

2016 செப்டம்பரில் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டிப் பொற்பதக்கம் வென்றார். இம்மன்றத்தில் இருப்போரில் பெரும்பாலோரின் தலைக்கும் மேலான உயரம் அது! பாராலிம்பிக்கில் அவருக்கு முன் பொன் வென்ற இந்தியர் இருவரே. 2004இல் ஏதென்சில் ஈட்டி எறிந்த தேவேந்திர ஜஜாரியா ஒருவர். 1972இல் ஹைடெல்பெர்க்கில் நீந்திய முரளிகாந்த் பேட்கர் மற்றொருவர்; 1965ஆம் ஆண்டுப் போரில் குண்டடிபட்ட படைவீரர் அவர்.

பின்னர் 2021இல் டோக்கியோ. தொடக்க விழாவில் நம் கொடியை ஏந்த வேண்டியவர், கொரோனா தொற்றுடையவர் ஒருவருக்கருகில் பயணம் செய்ய நேர்ந்ததால் தனிமையில் வைக்கப்பட்டார். போட்டியன்று மழை வேறு. ஊனமுற்ற காலின் காலுறை நனைந்து ஒட்டிக்கொண்டது. 1.86 மீட்டர், வெள்ளி. 2024இல் பாரிசில் 1.85 மீட்டர், வெண்கலம். பொன் வெள்ளியாகி, வெள்ளி வெண்கலமாயிற்றே என்று வருந்துவோரைக் கண்டிருக்கின்றேன். எட்டாண்டுகளில் குறைந்தது நான்கே சென்டிமீட்டர், ஐயா! அடுத்தடுத்து மூன்று பாராலிம்பிக்கிலும் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவரே. அதே 2024இல் கோபே நகரில் 1.88 தாண்டி உலகப் பட்டமும் வென்றார்.

அர்ச்சுனா, பத்மஸ்ரீ, கேல் ரத்னா எல்லாம் வந்தன. எனக்கு இனிப்பது வேறொரு செய்தி. 2021 நவம்பரில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தில் துணை மேலாளர் பணிக்கான ஆணை அவருக்கு வழங்கப்பட்டது. விடியலில் செய்தித்தாள் சுமந்த கைக்கு, அக்காகிதத்தின் பெயர் தாங்கிய நிறுவனத்திலேயே பதவி!

எல்லார்க்கும் அப்படி வாய்த்துவிடாது என்பதையும் அறிவேன். 2016ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு நூற்றுக்கு நான்கு இடம் ஒதுக்கியுள்ளது. அந்த வாயில்வரை ஒரு பிள்ளையைப் படிக்க வைத்து, ஆட வைத்து, அழைத்துச் செல்வது வீட்டின் பொறுப்பாகவே இருக்கிறது. அவ்வீட்டிற்கு அண்டையில் இருப்பவர்கள் நாம்.

செயலாளர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டுச் செலவுக் கணக்கில் ஒரு வண்டி மணலும், இரண்டு கம்பங்களும், ஒரு குறுக்குக் கோலும் சேர்த்துக்கொள்ளுங்கள். அச்சிறுவனின் தந்தை இரவு ஒன்பது மணிக்குத்தான் கடை அடைப்பவர். ஆகவே மாலையில் அவனைத் திடலுக்கு அழைத்துச் சென்று திரும்பக் கொணர ஆள் வேண்டும். அப்பட்டியலில் முதற்பெயராக என் பெயரை எழுதுங்கள். தாண்ட விருப்பமா, எறிய விருப்பமா, ஒன்றுமே வேண்டாமா என்று அவனை இன்னும் நான் கேட்கவில்லை. மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கின்றான். இறங்கியதும் கேட்கப் போகின்றேன்.