பிரிவு எட்டில் எழுதியிருக்கும் மருந்து எங்கே?



கஞ்சாவைப் பற்றிப் பேசப்போகிறான் என்றதும் உளவுத்துறை நண்பர்கள் முன்வரிசைக்கு வந்துவிட்டார்கள். (சிரிப்பு) வரட்டும், நோட்டை எடுத்து எழுதிக்கொள்ளட்டும். நான் படிக்கப்போவது அவர்கள் கையில் இருக்கும் சட்டப் புத்தகத்தைத்தான்.

என்.டி.பி.எஸ். என்னும் போதைப்பொருள் சட்டம், 1985. பிரிவு எட்டு. பயிரிடாதே, விற்காதே, வைத்திருக்காதே என்று அடுக்கிக்கொண்டே வருகிறது. வந்தவாக்கில் ஓரிடத்தில் நிற்கிறது: மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும், விதிகள் சொல்லும் முறைப்படி என்றால் தடை இல்லை. அந்த விதிகளை வகுக்கும் அதிகாரத்தைப் பிரிவு பத்து மாநில அரசுக்குத் தருகிறது. ஆக, புதிய சட்டம் கேட்டு நான் வரவில்லை. நாடாளுமன்றம் நாற்பது ஆண்டுக்கு முன்பே திறந்து வைத்த கதவுக்குள் நோயாளியை விடாமல் நிற்பது யார் என்று கேட்க வந்திருக்கிறேன்.

அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த தேதி நவம்பர் 14. குழந்தைகள் தினம்! எந்த மாத்திரைக்கும் அடங்காத வலிப்போடு துடிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். டிராவெட் என்று ஒரு நோய், லெனாக்ஸ்-காஸ்டாட் என்று ஒரு நோய். இந்த இரண்டுக்கும் கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுத்த, போதை ஏற்றாத கன்னாபிடியாலில் செய்த எபிடியோலெக்ஸ் என்ற மருந்தை 2018இல் அமெரிக்க அரசு அனுமதித்தது. 2020 டிசம்பரில் வியன்னாவில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்தில் வாக்கெடுப்பு. மிகக் கொடிய பொருட்களின் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கலாமா? ஆதரவு 27, எதிர்ப்பு 25. அந்த 27இல் இந்தியாவும் ஒன்று. வியன்னாவில் கை தூக்கிவிட்டு வந்தவர்கள் வீட்டுக்குள் வாய் திறக்கவில்லை.

இதில் வேடிக்கை ஒன்று. பூங்கொத்து இல்லாத வெறும் இலையை நம் சட்டம் கஞ்சா என்றே கணக்கில் வைப்பதில்லை. அதனால்தான் ஜெய்சால்மர் கோட்டை வாசலில் அந்த இலையில் செய்யும் பாங்கு பானத்துக்கு அரசு அனுமதி பெற்ற கடை நடக்கிறது. ஹோலிக்குக் குடிக்க வழி உண்டு, வலிப்புக்குக் குடிக்க வழி இல்லை. (கைதட்டல்)

கைதட்டலை நிறுத்துங்கள். இதைவிடக் கொடுமையை நாம் ஒருமுறை பார்த்தாயிற்று. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமம் கொடுத்தே அபின் விளைகிறது. காசிப்பூரிலும் நீமச்சிலும் அரசு ஆலைகளே அதைப் பதப்படுத்துகின்றன. அதிலிருந்து வருவதுதான் மார்ஃபின். இந்தச் சட்டம் வந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இந்திய மருத்துவத்தில் மார்ஃபின் பயன்பாடு நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் விழுந்தது. சட்டம் மார்ஃபினைத் தடை செய்ததா? இல்லை. வைத்திருக்க ஓர் உரிமம், கொண்டுவர ஓர் உரிமம், அனுப்ப ஓர் உரிமம். எல்லாம் ஒரே நேரத்தில் செல்லுபடியாக வேண்டும். கடைசித் தாள் வரும்போது முதல் தாள் காலாவதி. புற்றுநோய்க்காரர் கட்டிலில் கத்திக்கொண்டே செத்தார். கேரளத்து மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் படியேறி இறங்கிய பிறகே, 2014இல் சட்டத்தைத் திருத்தி ஒற்றை உரிமம் கொண்டுவந்தார்கள். கஞ்சா மருந்துக்கும் இன்னொரு முப்பது ஆண்டு காத்திருக்கச் சொல்கிறீர்களா?

பின்னால் ஒரு அம்மா தலையாட்டி மறுக்கிறார். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது அம்மா. பள்ளிக்கூட வாசலில் பொட்டலம் விற்பவனைப் பிடிக்கத்தான் வேண்டும். வளரும் வயதில் அதைப் புகைத்த பையனுக்கு மனநோய் வரும் ஆபத்து கூடும் என்பதும் உண்மை. சர்வரோக நிவாரணி என்று கஞ்சா எண்ணெய் விற்கும் வியாபாரிக்கும் இந்த மேடையில் இடம் கிடையாது. சில வகை வலிப்பு, கீமோதெரபி வாந்தி, தண்டுவட மரப்பு நோயில் வரும் தசை இறுக்கம் என்று சான்று உள்ள இடம் குறுகியதுதான். ஆனால் பொட்டலக்காரனுக்குப் போட்ட பூட்டை மருத்துவமனை மருந்தகத்தில் ஏன் தொங்கவிட வேண்டும்? ஆயுஷ் உரிமத்தில் விஜயா என்ற பெயரில் இலைச்சாற்று எண்ணெய் ஆன்லைனில் கிடைக்கிறது; காசுள்ளவர் வாங்கிக்கொள்கிறார். தருமபுரியில் கூலிக்குப் போகிறவளின் பிள்ளைக்கு அரசு மருத்துவமனைதானே கதி?

தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, மருந்து செய்ய டாம்ப்கால் என்ற அரசு நிறுவனம் இருக்கிறது, தரம் பார்க்க ஆய்வுக்கூடம் இருக்கிறது. சுகாதாரத் துறை மானியக் கோரிக்கை சட்டமன்றத்துக்கு வருவதற்குள் உங்கள் எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போங்கள். பிரிவு பத்தின்படி, மருத்துவர் எழுதிக் கொடுத்தால் நோயாளி கைக்குக் கஞ்சா மருந்து வந்து சேரும் விதி எப்போது? இந்த ஒரு கேள்வியைச் சபையில் எழுப்பச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் பதில் வாங்குங்கள். வாங்கிய தாளோடு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். இதே மைக்கில் படிப்போம்.