புதன்கிழமை வாசகர்கள்

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டிதர் பெயரில் நினைவுச் சொற்பொழிவு என்றால் அவருடைய பௌத்தம், வரலாற்று எழுத்து, பூர்வத் தமிழர் என்று அவர் முன்வைத்த அடையாளம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவது வழக்கம். அவற்றை ஆழமாக ஆராய்ந்தவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். நான் இன்று பண்டிதரின் வாசகர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வாரம் தவறாமல் அவரை வாங்கிப் படித்தவர்கள், படித்ததை எடுத்து வைத்தவர்கள். அவர்களிடமிருந்து நம்முடைய வாசிப்புப் பழக்கத்துக்கு வருகிறேன்.

1907 ஜூன் 19, புதன்கிழமை. சென்னை ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவரத் தொடங்கியது. நான்கு பக்கம். விலை பெயரிலேயே இருக்கிறது: ஒரு பைசா, அதாவது காலணா. அடுத்த ஆண்டு அதன் பெயர் 'தமிழன்' என்று மாறியது. 1914 மே 5 அன்று பண்டிதர் இறக்கும் வரை, ஏறக்குறைய ஏழு ஆண்டுகள், அது வார இதழாகவே நடந்தது. நடத்தியவர் ஒரு சித்த மருத்துவர். அவருக்குப் பின்னால் அரசும் இல்லை, மடமும் இல்லை. காலணா கொடுத்து வாங்கிய வாசகர்கள் இருந்தார்கள்.

அந்த வாசகர்கள் சென்னையோடு நிற்கவில்லை. பெங்களூரில் இருந்தார்கள், கோலார் தங்கவயலில் இருந்தார்கள், கடல் கடந்து ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருந்தார்கள். தங்கவயலில் இருந்தவர்கள் சுரங்கத்தை நம்பிப் பிழைத்தவர்கள். நம் மக்களில் எழுத்தறிந்தவர்கள் மிகக் குறைவாக இருந்த காலம் அது. ஆகவே ஒரு தாள் ஒரு வாசகரோடு நின்றிருக்க முடியாது. படிக்கத் தெரிந்த ஒருவர் படித்திருப்பார், சுற்றி இருந்தவர்கள் கேட்டிருப்பார்கள், கேட்டதைப் பற்றிப் பேசியிருப்பார்கள். பேச்சில் எழுந்த கேள்விகள் கடிதமாக ராயப்பேட்டைக்குப் போயின. பண்டிதர் இதழில் பதில் எழுதினார். அந்தக் கேள்வி-பதில்கள் இன்று தொகுப்பில் இருக்கின்றன.

மாணவத் தோழர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்று தடித்த தொகுதிகளாக நாம் வாங்கி வைத்திருக்கும் பண்டிதரை அவர் காலத்தில் யாரும் அப்படிப் படிக்கவில்லை. இந்திரர் தேச சரித்திரமும் புத்தரது ஆதிவேதமும் திருக்குறள் உரையும் இதழில் தொடராக வந்தவை. வாரத்துக்குக் கொஞ்சம் வந்தது. அந்தக் கொஞ்சத்தைப் படிக்க ஒரு வாரம் இருந்தது. திருக்குறள் உரையை எழுதி முடிக்காமலேயே அவர் போய்விட்டார். தொடர்ந்து படித்து வந்த ஒருவருக்கு அந்த மரணம் எப்படித் தெரிந்திருக்கும்? அடுத்த அதிகாரம் வராமல் போனதாகத்தான் தெரிந்திருக்கும்.

இரண்டாவது செய்தி, எடுத்து வைத்தவர்களைப் பற்றியது.

பண்டிதருக்கு முன்பே, 1893இல், இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்ற இதழைச் சென்னையில் தொடங்கினார். முதலில் மாத இதழ், விலை இரண்டணா. சில மாதங்களிலேயே வார இதழாயிற்று. 1900 வரை நடந்தது. இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தலைப்பில் அச்சிட்டுத் தெருவில் விற்ற இதழ். அதில் என்ன எழுதப்பட்டது என்று முழுமையாகப் படிக்க நமக்கு இன்று வழியில்லை. அதன் முழுத் தொகுப்பு நம் கையில் இல்லை. 1939இல் சீனிவாசன் எழுதிய ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் சொன்னதை வைத்தே அந்த இதழைப் பற்றிப் பெரும்பாலும் பேசுகிறோம்.

'தமிழன்' தப்பித்தது. பண்டிதருக்குப் பிறகு அது நின்று, 1926இல் அப்பாதுரையார் ஆசிரியராகத் தங்கவயலிலிருந்து மறுபடி வந்தது. வாசகர்கள் இருந்த ஊரே அந்த இதழை மீண்டும் தூக்கி நிறுத்தியது. பண்டிதரின் எழுத்துகளைச் சித்தார்த்த புத்தகசாலை நூல்களாக அச்சிட்டதும் அங்கேதான். அதன் பின் பல பத்தாண்டுகள் பொதுவெளியில் பண்டிதர் பெயரே கேட்கவில்லை. தமிழ்ப் பத்திரிகை வரலாறு எழுதியவர்களில் பலருக்கு அவர் கண்ணில் படவில்லை. அந்தக் காலம் முழுவதும் பழைய இதழ்கள் அன்பு பொன்னோவியம் போன்றவர்களின் வீடுகளில் இருந்தன. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்று வெளியிட்டபோது, தமிழ்நாடு அதைப் புது வரவாகப் பார்த்தது. முதலில் அச்சாகி 85 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

இன்று ஆய்வு மாணவர் ஒருவர் அடிக்குறிப்பில் பண்டிதரை மேற்கோள் காட்ட முடிகிறது என்றால், யாரோ சிலர் படித்து முடித்த தாளைப் பொட்டலம் மடிக்கக் கொடுக்காமல் அடுக்கி வைத்தார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம். நம் எழுத்துக்கு ஆவணக் காப்பகமாக நெடுங்காலம் இருந்தவை வாசகர்களின் வீடுகள். பண்டிதரே தம் பாட்டனார் கந்தப்பன் கதையை எழுதியிருக்கிறார். ஹாரிங்டன் என்ற வெள்ளை அதிகாரியிடம் பட்லராக இருந்த கந்தப்பன், தம்மிடமிருந்த திருக்குறள் ஓலையைக் கொண்டுபோய்க் கொடுத்தார் என்றும், அது எல்லிஸ் துரையிடம் சேர்ந்தது என்றும் பதிவு செய்கிறார். சமையற்கட்டில் வேலை பார்த்தவர் வீட்டில் ஓலைச்சுவடி இருந்தது என்று சொல்வதில் பண்டிதருக்கு ஒரு நோக்கம் இருந்தது. புத்தகம் எங்களுக்குப் புதிதாக வந்த பொருள் இல்லை என்கிறார்.

சமூகவியல் படித்தவள் என்பதால் ஒரு கேள்வி எனக்கு எப்போதும் உண்டு: புத்தகம் எந்த வழியாக நம் தெருவுக்குள் வருகிறது?

என் ஊரில் கிளை நூலகம் ஊர்த்தெருவில் இருந்தது. எங்கள் காலனியிலிருந்து பத்து நிமிட நடை. யாரும் வரக்கூடாது என்று அங்கே பலகை எதுவும் இல்லை. ஆனால் கோயிலைத் தாண்டிப் போகவேண்டும். திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் கேட்பார்கள்: "யார் வீட்டுப் பொண்ணு நீ?" அவ்வளவுதான். அதட்ட மாட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு நூலகத்துக்குள் போய் உட்கார்ந்து படிப்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு முடியாத காரியம். இரண்டு முறை போனேன். மூன்றாவது முறை போகவில்லை. பிற்காலத்தில் அப்பாவின் பெட்டியில் வீட்டுவரி ரசீதுகள் கிடைத்தன. வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்குகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும், நூற்றுக்குப் பத்து. அப்பா ஒரு வருடம்கூடப் பாக்கி வைக்காமல் கட்டியிருக்கிறார். அந்த நூலகத்துக்குள் அவர் ஒருநாளும் நுழைந்ததில்லை.

இந்த ரசீதுகளைப் பார்த்த பிறகுதான் நாங்கள் சிலர் சேர்ந்து காலனியிலேயே ஓர் அறையில் வாசிப்பு வட்டம் தொடங்கினோம். பண்டிதர் நினைவாகப் புதன்கிழமை மாலை ஏழு மணி என்று வைத்தோம். அந்த நேரத்தில் ஆண்கள் மட்டுமே வந்தார்கள். பெண்கள் அடுப்படியில் இருந்தார்கள். இதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு நான்கு மாதம் பிடித்தது. எனக்கே நான்கு மாதம் பிடித்தது என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். பிறகு ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு மாற்றினோம். பெயர் மட்டும் புதன்கிழமை வட்டம் என்றே நின்றுவிட்டது.

நடைமுறை எளிது. ஒரு நூல், வாரம் பத்துப் பக்கம், ஒருவர் உரக்க வாசிப்பார். புரியாத இடத்தில் யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு, புது வரவு ஏடு என்று அதற்குப் பெயர். தேதி, நூலின் பெயர், கொண்டுவந்தவர், விலை, படித்தவர் என்று ஐந்து கட்டம். இரண்டாம் ஆண்டு முடிவில் அதை எடுத்துப் பார்த்தோம். 140 நூல்கள் வந்திருந்தன. கடைசிக் கட்டத்தில் ஒரு பெயராவது இருந்தவை 50கூட இல்லை. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய் இரண்டு பை நிறைய வாங்கி வருவோம். அட்டையைப் படம் எடுத்துப் போடுவோம், பலர் பாராட்டுவார்கள். பொங்கல் கழிந்தால் அவை அலமாரிக்குப் போய்விடும். என் வீட்டிலும் அப்படி ஒரு அலமாரி இருக்கிறது.

அன்று ஒரு விதி செய்தோம். வந்த நூலை ஒருவராவது படித்து, வட்டத்தில் பத்து நிமிடம் பேசிய பிறகே அடுத்த நூல் வாங்குவது. வரவு குறைந்தது, படித்தவர் கட்டம் நிரம்பத் தொடங்கியது. கட்டட வேலைக்குப் போகும் ஒரு தம்பி, தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கூட்டத்தின் முன் பத்து நிமிடம் பேசினார். ஒரு நூலைப் பற்றிப் பேசினார்.

இனி நான் சொல்லப்போவது கொஞ்சம் சங்கடமானது. ஆனாலும் பண்டிதர் பெயரிலான மேடையில்தான் இதைச் சொல்ல வேண்டும்.

ஒரு ஞாயிறு, 'பஞ்சமர்' என்ற பெயரைப் பண்டிதர் மறுத்து எழுதிய பகுதிக்கு வந்தோம். அந்தப் பெயரின் கீழ்ப் பறையரைச் சக்கிலியரோடும் குறவரோடும் சேர்த்து எண்ணுவதை அவர் எதிர்க்கிறார். எதிர்க்கும்போது அந்த மக்களைத் தாழ்த்திப் பேசுகிறார். அன்று உரக்க வாசித்தவர் ஓர் அருந்ததியர் மாணவி. பாதியில் நிறுத்திவிட்டு, "இதை வேற யாராவது படிங்கக்கா" என்று புத்தகத்தைக் கீழே வைத்தார். யாரும் எடுக்கவில்லை. ஒரு தோழர் சமாதானமாக, "அந்தக் காலம் அப்படிம்மா" என்றார். அந்தப் பெண் சொன்னார்: "மத்தவங்க நம்மளப் பத்தி எழுதினப்ப, காலம் அப்படின்னு நாம விட்டோமா?"

பதில் சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை. இப்போதும் இல்லை. அடுத்த இரண்டு வாரம் அவர் வரவில்லை. அவர் வீட்டுக்குப் போய்க் கூப்பிடவும் எனக்குக் கூச்சமாக இருந்தது. நான் பறையர் சமூகத்தில் பிறந்தவள். அந்தப் பத்தியை அதற்கு முன் இரண்டு முறை தனியாகப் படித்திருக்கிறேன். ஒருமுறைகூட அது என்னை நிறுத்தவில்லை. தனியாகப் படிக்கும்போது நம்மைக் குத்தாத வரியைக் கடந்து போய்விடுகிறோம். பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து படிக்கும்போதுதான் அந்த வரி யாரைக் குத்துகிறது என்று தெரிகிறது. வட்டமாக உட்கார்ந்து வாசிப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது வாரம் அவரே வந்தார். அடுத்து வாங்க வேண்டிய நூல் என்று மதிவண்ணன் பெயரைச் சொன்னார். வாங்கினோம். புது வரவு ஏட்டில், பண்டிதர் தொகுதிக்கு நேராகத் தன் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதினார்: "படித்தேன். இந்தப் பக்கங்களோடு எனக்குச் சண்டை இருக்கிறது. புத்தகம் அலமாரியில் இருக்கட்டும்."

பண்டிதரும் தமக்கு முன்னால் எழுதப்பட்டதை இப்படித்தான் படித்தார். கையில் கிடைத்த ஒவ்வொரு புராணத்தோடும் இலக்கியத்தோடும் வாரம்தோறும் சண்டை போட்டார். அந்தச் சண்டையைக் கற்றுக்கொண்டு அவரிடமே போடுகிற ஒரு மாணவி கிடைத்தது அவருக்குக் குறைவா? நான் அப்படி நினைக்கவில்லை.

இங்கே வந்திருக்கும் மாணவத் தோழர்களிடம் மூன்று கோரிக்கைகளோடு முடிக்கிறேன்.

வாரத்தில் ஒரு நாளை, ஒரு மணி நேரத்தை, படிப்பதற்கென்று ஒதுக்குங்கள். விடுதி அறையாக இருந்தாலும் சரி, சமுதாயக் கூடமாக இருந்தாலும் சரி, இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று பேரும் உங்கள் தெருக்காரர்களாகவே இருக்க வேண்டாம்.

நம் இயக்கங்களின் சிற்றிதழ்கள், மாநாட்டு மலர்கள், துண்டறிக்கைகள் எது கையில் கிடைத்தாலும் தேதி எழுதி எடுத்து வையுங்கள். இன்று அது வெறும் தாளாகத் தெரியும். 'பறையன்' இதழும் ஒரு காலத்தில் இரண்டணாத் தாள்தான்.

மூன்றாவது, உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் போங்கள். நான் இரண்டு முறையோடு நின்றுவிட்டேன். நீங்கள் கூட்டமாகப் போங்கள், உறுப்பினராகுங்கள், பண்டிதர் தொகுதியும் அண்ணல் அம்பேத்கர் தொகுதிகளும் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். திண்ணையிலிருந்து யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டால், நூலக வரி கட்டுகிற வீட்டுப் பிள்ளை என்று சொல்லுங்கள்.