மொழிக்கும் செய்முறைத் தேர்வு வை!



மூன்றாவது மொழி வேண்டுமா என்று டெல்லி நம்மைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கேட்பதோடு நிற்கவில்லை. மும்மொழிக் கொள்கையோடு சேர்ந்து வரும் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25ஆம் ஆண்டுக்கான 2,152 கோடி ரூபாய் கல்வி நிதியை நிறுத்தி வைத்தது. மொழிக் கேள்விக்குப் பதிலை 1938-இல் தெருவில் இறங்கிச் சொன்னோம். 1965-இலும் சொன்னோம். 1968 ஜனவரியில் அண்ணா அதைச் சட்டமன்றத் தீர்மானமாகவே ஆக்கினார். இரு மொழி. அந்த வழக்கு முடிந்துவிட்டது.

நான் கேட்க வந்தது வேறு. அந்த இரண்டில் ஒன்றான ஆங்கிலத்தைப் பத்து வருடம் படித்த நம் பிள்ளைக்கு அதில் வாய் திறந்து பேச வருகிறதா?

லீவ் லெட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஆஸ் ஐ யாம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று எழுதாத பிள்ளை இந்த நாட்டில் உண்டா? அக்கா கல்யாணத்துக்குப் போனாலும் ஃபீவர், குற்றாலத்துக்குப் போனாலும் ஃபீவர்! (சிரிப்பு) வெளிமாநிலத்தில் வேலைக்குப் போன இடத்தில் நிஜமாகவே காய்ச்சல் வந்தால், டாக்டரிடம் எத்தனை நாளாக, எங்கே வலி என்று நாலு வார்த்தை வரவில்லை. குற்றம் பிள்ளையுடையதா? பாடத்திட்டத்தை அப்படி வகுத்தவர்களுடையது.

பத்தாம் வகுப்பில் அறிவியலுக்குச் செய்முறைத் தேர்வு 25 மதிப்பெண். சோதனையைச் செய்யத் தெரிகிறதா என்று பக்கத்தில் நின்று பார்க்கிறோம். மொழிக்கு? 100 மதிப்பெண்ணும் தாளுக்கே. தேர்வில் கேட்காததை எந்த வகுப்பறையும் கற்றுத்தராது. ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவரிடம் கேட்பது தேர்ச்சி விகிதத்தைத்தான்.

பெரிய ஊர்த் தனியார் பள்ளிகளில் பிளஸ் ஒன் போனதும் தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சு எடுக்கிறார்கள். பிரான்சு மேல் காதலா? மார்க் மேல் காதல்! அதே ஐரோப்பாவில் 2001-இல் மொழித் திறனுக்கு ஆறு படிநிலை வகுத்து வெளியிட்டார்கள். இந்தப் படியில் ஒருவன் வழி கேட்கத் தெரிந்திருக்க வேண்டும், அடுத்த படியில் தன் கருத்தைச் சொல்லி வாதாட வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிற நம் செவிலியர் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கிலும் தேறித்தான் விமானம் ஏறுகிறார். அந்தப் பாடத்திட்டம் உருப்படி. நம்முடையது உருப்போடு.

இன்னொன்று. நம் ராஜபாளையத்தில் எத்தனையோ வீடுகளில் பேச்சு தெலுங்கு. அந்தப் பிள்ளை பள்ளி வாசலில் செருப்போடு சேர்த்துத் தன் வீட்டு மொழியையும் கழற்றி வைக்கிறது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கதையை விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் காவியமாகவே பாடியிருக்கிறார். 'ஆமுக்தமால்யதா', தெலுங்கின் ஐம்பெருங் காவியங்களில் ஒன்றாக எண்ணப்படுவது. திருப்பாவை நடத்துகிற அன்று அந்தப் பிள்ளையை எழுப்பி, "உங்கள் வீட்டு மொழியில் இந்தக் கதையைச் சொல்லம்மா" என்று கேட்டால் தமிழ் குறைந்துவிடுமா? வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

நம்மூர் பி.எஸ். குமாரசாமி ராஜா, சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தவர், 1954-இல் ஒடிசா ஆளுநராகப் போனார். இன்று ஒடிசாவிலிருந்து ஆட்கள் தமிழ்நாட்டு மில்களுக்கு வருகிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குப் பேச்சுத் தமிழை முதலில் சொல்லிக்கொடுக்க ஒரு பாடப்பகுதி வேண்டாமா? உலக மொழிகள் அதற்கு அப்புறம். ஒன்பதாம் வகுப்பு முதல் விரும்புகிறவர் ஜப்பானிய மொழியும் படிக்கட்டும், ஜெர்மனும் படிக்கட்டும். விருப்பம் என்றால் விருப்பமாகவே இருக்கட்டும், கட்டாயத்துக்கு விருப்பம் என்று பெயர் சூட்டாதீர்கள்!

"மொழிக்குப் பேச்சுத் தேர்வு நடத்த நேரம் ஏது?" என்பார்கள். நாற்பது பிள்ளைகள், ஆளுக்கு ஐந்து நிமிடம், இருநூறு நிமிடம். அறிவியலுக்குப் பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்து நடத்தத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு நாள் வேலை.

ஆகவே பெற்றோர்களே, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு வந்துவிடாதீர்கள். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் 25 மதிப்பெண் பேச்சுத் தேர்வு வேண்டும் என்று தீர்மானம் எழுதுங்கள். விருதுநகரில் முதன்மைக் கல்வி அலுவலர் மேசைக்கு அது போய்ச் சேரட்டும்.