கைப்பேசியும் கூட்டுப் பேச்சும்



ஊருக்குப் போட்ட கடிதத்திற்குப் பதில் வர வாரக்கணக்கில் காத்திருந்த காலம் போயிற்று. இன்று சிங்கப்பூர் தேக்காவில் நிற்கும் தொழிலாளி, ஊரிலுள்ள குழந்தையின் முகத்தைக் கைப்பேசியில் பார்த்துப் பேசுகிறான். 2020 ஏப்ரலில் கொரோனா பரவியபோது, அங்கே விடுதிகளில் இருந்த 3 லட்சத்திற்கும் மேற்பட்ட தொழிலாளர் வெளியே போக வழியின்றி அடைபட்டனர். அன்று கைப்பேசியே அவர்களுக்குத் துணை. அதைக் குறைகூற நான் வரவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். சிங்கப்பூரில் 2016 ஏப்ரல் முதல், வேலைச் சட்டத்தின் கீழ் வரும் தொழிலாளிக்கு விவரமான சம்பளச் சீட்டு தரவேண்டும் என்பது விதி. தாளிலும் தரலாம், கைப்பேசிக்கும் அனுப்பலாம். கைப்பேசியில் வந்த சீட்டை ஒருவன் தனியே பார்த்து மூடிவிட்டால், பிடித்தம் சரியா, தவறா என்று எப்படித் தெரியும்? நான் கிராணி, கணக்கறிந்து சொல்கிறேன். இருவர் சீட்டை ஒத்துப் பார்த்தால்தான் குறைவு வெளிப்படும்.

ஊரிலிருக்கும் மனைவி ஆறுதல் சொல்வாள். சாட்சி சொல்லவும், மனுவில் கையெழுத்திடவும் அடுத்த கட்டிலில் படுப்பவன்தான் வேண்டும். அவன் பெயரே நமக்குத் தெரியாவிட்டால்?

ஞாயிறுதோறும் சிராங்கூன் சாலையில் கூடும் சகோதரர்களுக்கும், பால்வெட்டும் நமக்கும் சொல்வது ஒன்றே: வீட்டாரோடு கைப்பேசியில் பேசுங்கள்; கூட வேலை செய்பவனோடு நேரில் பேசுங்கள்!