ஆம், இல்லை: சல்லடையாகும் செயற்கூறு



பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானின் ஃபில்டரைக் கற்பிக்க நான் முதலில் கணினியைத் தொடுவதில்லை. கற்பனை மதிப்பெண்கள் எழுதிய சீட்டுகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, "35 அல்லது அதற்கு மேல் இருப்பவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்பேன். ஒவ்வொருவரும் தம் சீட்டை மட்டும் பார்த்து 'ஆம்' அல்லது 'இல்லை' என முடிவெடுப்பார். ஃபில்டர் செய்வதும் இதுதான். கேள்வியே செயற்கூறு, லிஸ்டின் உறுப்புகளை ஒவ்வொன்றாக அதனிடம் கொடுத்து, 'ட்ரூ' என்று வந்தவற்றை மட்டும் தருகிறது.

அடுத்து, "35க்கு மேல் இருப்பவர்கள்" என்று மாற்றிக் கேட்பேன். சரியாக 35 வைத்திருப்பவர் உட்கார்ந்துவிடுவார். நிரலில் ஒரு சமக்குறி விடுபட்டால், தேர்ச்சி பெற்ற பிள்ளை பட்டியலிலிருந்து விழுந்துவிடும். பைத்தான் பிழை எதுவும் காட்டாது. ஆகவே 34, 35, 36 மூன்றையும் கொடுத்துச் சோதிக்கப் பழக்குங்கள்.

"யாராவது நிற்கிறார்களா?" என்று கேட்பது எனி, "எல்லோரும் நிற்கிறார்களா?" என்று கேட்பது ஆல். காலி லிஸ்டைக் கொடுத்தால் எனி 'ஃபால்ஸ்' என்கும். ஆல் 'ட்ரூ' என்கும். 'இல்லை' என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லையே! மதிப்பெண்ணே பதியாத வகுப்பும் 'அனைவரும் தேர்ச்சி' என்று வந்துவிடும். லிஸ்ட் காலியா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

கேட்ட கேள்விக்குத்தான் கணினி விடை சொல்லும். சரியான கேள்வியை எழுதக் கற்றுக்கொடுப்பது நம் வேலை.