பத்தாம் வகுப்புக்குப் பின்: நமது பிள்ளைகளும் நமது பொறுப்பும்

(கணியம்பாடியில் நடைபெற்ற ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்ற பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் பரிசளித்து மகிழ்கிறோம். ஆனால் பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் அவர்களுள் சிலரை வகுப்பறையில் காண முடிவதில்லை. ஒருமுறை அத்தகைய மாணவன் ஒருவனின் தந்தையிடம் காரணம் கேட்டேன். "சார், பள்ளியில் ஃபீஸ் கேட்கவில்லை. ஆனால் சனிக்கிழமை அவன் கொண்டுவரும் கூலியில்தான் வீட்டு வாடகை கொடுக்கிறேன்" என்றார். எனக்கு மறுமொழி தோன்றவில்லை.

அரசுப் பள்ளியில் பாடநூல் இலவசம். எனினும், படிக்கும் காலத்தில் வீட்டுக்கு வாராமல் போகும் கூலிக்கு யார் ஈடு செய்வது? நமது உதவித் திட்டங்கள் இக்கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும்.

தமிழக அரசு 2022 செப்டம்பர் 5 அன்று புதுமைப்பெண் திட்டத்தைத் தொடங்கியது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. ஆகியவற்றில் சேரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் அவர்களது வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்பட்டது. மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கியது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் பயின்றோரும் பின்னர் சேர்க்கப்பட்டனர்.

இவற்றில் ஓர் இடைவெளி உண்டு. பிளஸ் ஒன், பிளஸ் டூ பயிலும் ஈராண்டுகளுக்கு இம்மாத உதவி இல்லை. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறனறித் தேர்வில் வென்றோருக்கு ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். அதைப் பெறுவோர் சிலரே. ஏனையோர் இடைவழியில் நின்றுவிடுகின்றனர்.

இங்கிலாந்தும் இச்சிக்கலைச் சந்தித்தது. 16 முதல் 18 வயது வரை படிப்பைத் தொடரும் ஏழைப் பிள்ளைகளுக்கு 2004 முதல் நாடு முழுவதும், பெற்றோர் வருமானத்திற்கேற்ப வாரம் 10, 20 அல்லது 30 பவுண்டு வழங்கப்பட்டது. ஒழுங்காக வகுப்புக்கு வருவதே நிபந்தனை. முன்னோட்டம் நடந்த பகுதிகளில் படிப்பைத் தொடர்ந்தோர் தொகை உயர்ந்தது. இங்கிலாந்தில் 2011ஆம் ஆண்டு அது நிறுத்தப்பட்ட போதிலும், ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் தொடர்ந்தது.

சகோதரர்களே! கல்விக்கு வழங்குவது நம் தோல் வணிகப் பெருமக்களுக்குப் புதிதன்று. வாணியம்பாடியில் 1919ஆம் ஆண்டு இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. மேல்விஷாரத்தில் வள்ளல் சி. அப்துல் ஹக்கீம் அவர்களின் பெயரால் 1965ஆம் ஆண்டும், ஆம்பூரில் மஸ்ஹருல் உலூம் என்னும் பெயரால் 1969ஆம் ஆண்டும் கல்லூரிகள் தோன்றின. முன்னோர் கட்டடம் எழுப்பினர். அதன் வாசல் வரை பிள்ளையைக் கொண்டு சேர்ப்பது நமது கடமை.

மூன்று வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று: பத்தாம் வகுப்பு பயிலும் மஹல்லாப் பிள்ளைகளின் பட்டியலை ஜனவரியிலேயே தயாரித்து, மே மாதத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் இருவர் சென்று பேச வேண்டும்.

இரண்டு: பிளஸ் ஒன், பிளஸ் டூ பயிலும் ஏழைப் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்க வேண்டும். பத்துப் பிள்ளைகளுக்குப் பத்து மாதத்திற்கு ஒரு லட்சம் ரூபாய் ஆகும். ஜகாத் பெறத் தகுதியுள்ள குடும்பம் எது என்பதை ஹஜ்ரத் அவர்கள் தீர்மானிக்கட்டும். ஏனையோருக்கு ஸதக்கா நிதியிலிருந்து வழங்கலாம். பெறுவோர் பெயரை மேடையில் படிக்க வேண்டாம்.

மூன்று: ஆதார், வங்கிக் கணக்கு, வருமானச் சான்று ஆகியவற்றைச் சரிசெய்து அரசு உதவிகளுக்கு விண்ணப்பிக்க, படித்த இளைஞர்கள் ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம் பள்ளிவாசலில் அமர வேண்டும்.

ஆயிரம் ரூபாய் கூலிக்கு ஈடாகாது என்பதை அறிவேன். ஆயினும் அது பேருந்துக்கும் நோட்டுக்கும் ஆகும். வாடகையில் ஒரு பங்கைத் தாங்கும். அன்று அத்தந்தைக்குச் சொல்ல என்னிடம் விடை இல்லை. அடுத்த ஜூன் மாதம் நம் ஜமாஅத்திடம் அந்த விடை இருக்க வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.