தராசு மாறினால் உடம்பு மாறுமா?

(சீனி வருத்தம், பிரஷர் உள்ளவர்களுக்காகத் தோட்டத்தில் நடந்த நலக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மலையிலிருந்து இறங்கிய களைப்போடு வந்திருக்கிறீர்கள். வீட்டில் அடுப்பு வேலையும் காத்திருக்கிறது. அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

சீனி வருத்தம், பிரஷர் என்று கிளினிக் போகிறவர்களில் பலருக்கு, "உடம்பைக் கொஞ்சம் குறையுங்க" என்று டாக்டர் சொல்லியிருப்பார். நம்மவர்களும் சீனியைக் குறைத்து, ரொட்டியைக் குறைத்துப் பாடுபடுகிறார்கள். பிறகு நிறுத்துப் பார்க்கும்போதுதான் குழப்பம் வருகிறது. டிஸ்பென்சரித் தராசு 68 கிலோ என்கிறது. டவுன் பார்மசியில் 65 என்கிறது. மகன் வாங்கி வந்த தராசோ 66 அரை என்கிறது. ஆள் ஒன்று, கணக்கு மூன்று!

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. "மூணு கிலோ குறைஞ்சிருச்சு, இனி மாத்திரை எதுக்கு?" என்று ஒருவர் மருந்தை விட்டுவிடுகிறார். "வாயைக் கட்டியும் குறையலையே" என்று இன்னொருவர் மனம் விட்டுப்போய் பழையபடி சாப்பிடுகிறார். வேறொருவர் அவசரப்பட்டு, காலைச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு மலை ஏறுகிறார். மூன்று பேருக்கும் ஆபத்து.

தராசைப் பற்றி நமக்கு யாரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை. கொழுந்து மடுவத்தில் நிற்கிறவர்களுக்குத் தெரியாததா? அதே கொழுந்து மழையில் நனைந்தால் ஒரு நிறை, வெயிலில் வாடினால் ஒரு நிறை. சாக்குக்கு ஒரு கழிவு, தண்ணிக்கு ஒரு கழிவு. முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று எட்டிப் பார்க்கிற கண் நம்முடையது. அந்தக் கண்ணால்தான் உடம்பு நிறுக்கும் தராசையும் பார்க்க வேண்டும்.

தராசுகள் ஏன் ஒத்துப்போவதில்லை? முள் வைத்த தராசுக்குள் சுருள்வில் இருக்கிறது. நாள்பட அது தளர்ந்துபோகும். ஆள் ஏறுமுன்பே முள் ஒரு கிலோ காட்டினால், ஏறிய பிறகும் அந்த ஒரு கிலோ கூடத்தான் காட்டும். பற்றரித் தராசு சமமான, கெட்டியான தரையில் இருக்க வேண்டும். பாயின் மேல், சாக்கின் மேல், குழி விழுந்த சீமெந்துத் தரையில் வைத்தால் பிழையாகக் காட்டும். சில தராசில் கிலோவும் றாத்தலும் இரண்டு வரிசையாக இருக்கும். ஒரு கிலோ என்பது ஏறக்குறைய 2.2 றாத்தல். வரிசை மாறிப் பார்த்தால் கணக்கே மாறிவிடும்.

தராசு சரியாக இருந்தாலும் உடம்பு ஒரே நிறையில் நிற்பதில்லை. ஒரு லீற்றர் தண்ணீர் குடித்தால் உடனே ஒரு கிலோ கூடும். காலைக்கும் மாலைக்கும் இடையில் ஒன்று, இரண்டு கிலோ வித்தியாசம் வருவது சாதாரணம். இரவு கருவாடும் உப்பும் கூடச் சாப்பிட்டால் உடம்பில் தண்ணீர் நிற்கும். மறுநாள் நிறை ஏறும். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்திய நாட்களிலும் அப்படி ஆகலாம். நனைந்த படங்கு, சுவெட்டர், சப்பாத்து, மடியில் இருக்கும் போன் எல்லாவற்றுக்கும் நிறை உண்டு. இதெல்லாம் கொழுப்பு கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

அப்படியானால் எந்தத் தராசை நம்புவது? ஒரு தராசைத் தெரிந்தெடுத்து அதையே விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அது இரண்டு கிலோ கூடக் காட்டினாலும், எப்போதும் அதே இரண்டு கிலோவைக் கூடக் காட்டினால் நமக்கு நட்டமில்லை. டிஸ்பென்சரித் தராசில் 68, இரண்டு மாதம் கழித்து அதே தராசில் 65 என்றால் குறைந்தது 3 கிலோ. பார்மசித் தராசில் 65 ஆக இருந்தவர் அங்கே 62 ஆக இருப்பார். அங்கேயும் குறைந்தது அதே 3 கிலோதான். டிஸ்பென்சரியின் 68ஐயும் பார்மசியின் 65ஐயும் பக்கத்தில் வைத்துக் கழித்தால்தான் வராத லாபம் வந்ததுபோலத் தெரியும்.

தராசின் மேல் சந்தேகம் வந்தால் ஒரு சோதனை செய்யலாம். முதலில் தனியாக ஏறி நில்லுங்கள். பிறகு கடையில் வாங்கிய, பிரிக்காத 5 கிலோ அரிசிப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். சரியாக 5 கிலோ கூட வேண்டும். மூன்று தரம் ஏறி இறங்கினால் மூன்று தரமும் ஒரே கணக்கு வர வேண்டும். ஒவ்வொரு தரமும் ஒவ்வொன்று சொல்கிற தராசை ஒதுக்கிவிடுங்கள்.

வாரம் ஒரு தரம் நிறுத்தால் போதும். வீட்டில் தராசு இருந்தால் காலையில், மலசலம் கழித்தபின், தேத்தண்ணி குடிக்குமுன், மெல்லிய உடுப்போடு ஏறுங்கள். டிஸ்பென்சரியில் என்றால் ஒரே கிழமை, ஒரே நேரம், செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள். கணக்கைக் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் திகதியோடு எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் சொன்னால் எழுதித் தருவார்கள்.

எழுதியதைப் பார்க்கும் விதம் தாய்மாருக்குத் தெரியும். மருத்துவிச்சி அம்மா குழந்தையை நிறுத்து, அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். ஒரு புள்ளியை வைத்து அவர் முடிவு சொல்வதில்லை; கோடு எந்தப் பக்கம் போகிறது என்றுதான் பார்ப்பார். நமக்கும் அதேதான். 68, 67.4, 67.8, 66.9 என்று நாலு வாரம் வந்தால், மூன்றாம் வாரம் ஏறியதற்காக அழ வேண்டாம். கோடு இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

தராசோடு நாடாவும் இருந்தால் நல்லது. தையல் நாடாவை விலா எலும்பின் அடிக்கும் இடுப்பெலும்பின் மேலுக்கும் நடுவே சுற்றி, மூச்சை விட்டபின் பாருங்கள். நம் நாட்டவருக்கு ஆண் என்றால் 90 சென்றிமீற்றர், பெண் என்றால் 80 சென்றிமீற்றர். அந்த அளவை எட்டினாலே கவனம் தேவை. சில மாதம் தராசு அசையாமல் நிற்கும்போது நாடா குறைந்து காட்டும்.

எவ்வளவு குறைத்தால் போதும்? வாரத்துக்கு அரைக் கிலோ நல்ல வேகம். 68 கிலோ உள்ளவர் மூன்றரைக் கிலோ குறைத்தாலே சீனிக்கும் பிரஷருக்கும் நன்மை உண்டு. பட்டினி வேண்டாம். ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் மாதத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் சீனி. அதில் தொடங்குங்கள். அடுத்து ரொட்டியில் ஒன்றைக் குறைத்துக் கீரை, மரக்கறியைக் கூட்டுங்கள்.

இன்சுலின் ஊசி போடுகிறவர்களும், சில வகைச் சீனி மாத்திரை எடுக்கிறவர்களும் சாப்பிடாமல் மலைக்குப் போகவே கூடாது. வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் சீனி இறங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே உட்கார்ந்து, மூன்று நாலு தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீரைக் குடியுங்கள். மயங்கி விழுந்தவர் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தராசு எதைச் சொன்னாலும், மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டரின் வேலை.

இன்னுமொன்று. எல்லோரும் குறைக்க வேண்டியவர்கள் இல்லை. ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைந்த, 150 சென்றிமீற்றர் உயரமுள்ளவர் 42 கிலோவுக்கும் 52 கிலோவுக்கும் இடையில் இருந்தால் அது நல்ல நிறை. அதற்குக் கீழே இருப்பவர்களும் கர்ப்பிணித் தாய்மாரும் உடம்பைக் குறைக்கக் கூடாது. நீங்கள் எதுவும் செய்யாமலே கோடு கீழே இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். சீனி கட்டுப்பாடு இல்லாமல் இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் இருந்தால் காசநோயாகவும் இருக்கலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம். தாமதிக்காமல் போங்கள்.

அடுத்த கிளினிக்குக்கு வரும்போது கொப்பியோடு வாருங்கள். ஒரு தராசு, ஒரு நேரம், வாரம் ஒரு கணக்கு. அந்தக் கணக்கைப் பார்த்தால் டாக்டருக்கும் மருந்தை அளந்து கொடுக்க லேசாக இருக்கும்.